அப்பா வழியில் வந்தால் பயமில்லையா? பரம்பரைப் புற்றுநோயும் ஜெனடிக் கவுன்சலிங்கும்

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2025

எனக்கு 34 வயது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு மார்பில் கட்டி வந்து இறந்தார். அப்பாவின் தங்கைக்கு ஓவரி கேன்சர். அம்மா பக்கம் யாருக்கும் எதுவும் இல்லை. பெண்களுக்கு வரும் நோய் அம்மா வழியில்தான் வரும், நீ பயப்படாதே என்கிறார்கள் வீட்டில். நான் போன ஆஸ்பத்திரியில் ஜெனடிக் கவுன்சலிங் பார்க்கச் சொன்னார்கள். பேசுவதற்கு ஒரு ஃபீஸ், ரத்தத்துக்குத் தனி ஃபீஸ். இது லேப்காரர்கள் காசு பார்க்கும் வேலைதானே?

3 பிப்ரவரி, இரவு

அப்பா வழியிலும் வரும். பழுதானால் மார்பக, சினைப்பைப் (ஓவரி) புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் இரண்டு மரபணுக்கள் உண்டு. பிஆர்சிஏ1 இருப்பது 17ஆம் குரோமோசோமில், பிஆர்சிஏ2 இருப்பது 13ஆம் குரோமோசோமில். இரண்டுமே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இருப்பவை. எக்ஸ், ஒய் சமாச்சாரம் இதில் கிடையாது. அப்பாவிடம் பழுது இருந்தால் மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்கள் வீட்டுக்கு பிஆர்சிஏ2 வந்தது அப்பா வழியாகத்தான். அவருக்கு 76 வயது. காலையில் நடை, சாயங்காலம் சீட்டு, இன்றுவரை ஒரு நோயும் இல்லை. அவரைப் பெற்ற அப்பத்தா ‘வயிற்றுக் கோளாறில்’ போனார். அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். நடுவில் அப்பா திடமாக இருந்ததால் அப்பத்தாவையும் அக்காவையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காசு விஷயம் நாளைக்கு.

4 பிப்ரவரி

கவுன்சலிங்குக்குப் போனால் கையோடு ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் நானும் போனேன். எடுக்கவில்லை. மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பரம்பரைத் தொடர்பு இல்லாதவை. அதனால் உங்கள் குடும்பத்துக்கு டெஸ்ட் தேவையா, தேவை என்றால் முதலில் யாருக்கு என்று முடிவு செய்வதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதும் உண்டு.

முதல் ரத்தம் நோய் வந்தவருடையதாக இருக்க வேண்டும். நோய் இல்லாத நீங்கள் நேராகப் போய் எடுத்து, ஒன்றும் இல்லை என்று வந்தால் என்ன புரிந்துகொள்வீர்கள்? குடும்பத்தில் ஒரு பழுது இருந்து அது உங்களுக்கு வராமல் போனதா, அல்லது இந்த டெஸ்டில் தெரியாத வேறு காரணமா, சொல்லவே முடியாது. நோய் வந்தவரிடம் எந்த இடத்தில் என்ன எழுத்து மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அக்காவுக்கு முழுப் பேனல், அதாவது பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட், பார்த்தோம். எனக்குச் செலவானது அதில் சின்னப் பங்குதான். எனக்கும் அதே பழுது இருந்தது.

உங்கள் அத்தை இருக்கிறாரா? சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, பின்னிரவு

டெஸ்ட் விலை இறங்கியதற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. பிஆர்சிஏ மரபணுக்களுக்கே அமெரிக்காவில் ஒரு கம்பெனி காப்புரிமை வைத்திருந்தது. இயற்கையில் இருக்கும் டிஎன்ஏவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 2013 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மற்ற லேப்களும் அங்கே இறங்கின. கருவிகளும் மலிவாகின. அதற்கு முன்னால் அங்கே கவுன்சலிங்கே முக்கால்வாசி ‘உங்களால் இந்தப் பணம் கட்ட முடியுமா’ என்ற பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

6 பிப்ரவரி

அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் கேட்பார்கள் என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

வம்ச வரைபடம் போடுவார்கள். எங்களுக்குப் போட்டவர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளைத் தாளில் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். புற்றுநோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. யாரை வைத்து விசாரணை தொடங்கியதோ அவர் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அக்கா தன் வட்டத்துப் பக்கத்தில் அம்பைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, குறி பார்த்து அடிக்கிற மாதிரி இருக்கே” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அம்பைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டார்.

சிக்கல் அதற்கப்புறம். யாருக்கு என்ன நோய், எந்த வயதில், எந்தப் பக்கம்? நம் வீடுகளில் யார் கேன்சரில் செத்திருக்கிறார்கள்? ‘வயிற்று நோவு’, ‘உடம்பு இளைச்சுப் போச்சு’, ‘செய்வினை’. கல்யாணப் பத்திரிகை அடித்தபோதுகூட எங்களை யாரும் இவ்வளவு உறவுமுறை கேட்டதில்லை. அங்கிருந்தே அத்தைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அத்தை, அப்பத்தாவுக்கு என்ன செஞ்சுச்சு?”

“என்னத்தப்பா செஞ்சுச்சு, வயிறு புள்ளத்தாச்சி மாதிரி உப்பிப்போச்சு. பெரியாஸ்பத்திரியில தண்ணி எடுத்தாங்க. எடுக்க எடுக்க ஊறுச்சு.”

“அப்ப வயசு என்ன இருக்கும்?”

“உனக்கு மொட்டை போட்ட வருஷம். அம்பத்தஞ்சு இருக்குமா? நீ எதுக்கு இப்ப இதைக் கேக்குற?”

கவுன்சலர் அப்பத்தாவின் வட்டத்தில் பாதிக்குக் கறுப்பு பூசி, ‘ஓவரி’ என்று எழுதிக் கேள்விக்குறி போட்டார். பெரியப்பா ‘முதுகுவலியில் படுத்தவர்’ என்று நான் சொன்னதற்கு, கடைசியில் சிறுநீர் போக டியூப் வைத்திருந்தார்களா என்று திருப்பிக் கேட்டார். வைத்திருந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் இருக்கும் புராஸ்டேட் சுரப்பி, இன்னொரு கேள்விக்குறி. பிஆர்சிஏ2 குடும்பங்களில் புராஸ்டேட்டும் கணையமும்கூட வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த போன் பேச்சில் இன்னொன்றும் வெளியே வந்தது. சித்தப்பா ஒருவரின் மகள் தத்துப்பிள்ளையாம். எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. ரத்த வழியில் வராததால் அவளுக்கு இந்த டெஸ்டே தேவையில்லை, நல்ல செய்திதான். ஆனால் உனக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் அந்தத் தாளைப் பார்க்கும் நாளில் என்ன செய்வது என்று கவுன்சலரிடமே கேட்டோம். அந்தக் கிளையைத் தனித் தாளில் போட்டுத் தனியாக வைத்துக்கொண்டார்.

7 பிப்ரவரி

அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் எச்சில் கிட் வாங்கிப் பார்த்தாராம், பிஆர்சிஏ இல்லை என்று வந்ததாம், நிம்மதியாம். எந்தக் கிட்? 23அண்ட்மீ என்ற கிட் கம்பெனிக்கு 2018இல் அங்கே முதலில் அனுமதி கிடைத்தது மூன்றே மூன்று மாற்றங்களைப் பார்க்கத்தான். மூன்றும் அஷ்கெனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. 2023இல்தான் எண்ணிக்கை 44 ஆனது. இந்த இரண்டு மரபணுக்களிலும் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு தெருவில் சில வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஊரிலேயே திருடன் இல்லை என்று சொல்வது மாதிரி.

7 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

அந்த மூன்றில் ஒன்று நமக்கும் சம்பந்தப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 185டெல்ஏஜி என்ற பிஆர்சிஏ1 மாற்றம் தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படுவதாக பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள். யூத வழியில் கலந்து வந்ததா என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். இந்தியக் குடும்பம் ஒன்றில் பார்த்தபோது அது இங்கே தனியாகவே தோன்றியிருக்க வேண்டும் என்றுதான் தெரிந்தது. சரி, நம் கதைக்கு வருவோம்.

9 பிப்ரவரி

நான் எழுதிய பாதிக்குப் பாதியை ஒருவர் ‘கேன்சர் வர 50 சதவீதம்’ என்று வாசித்திருக்கிறார். இல்லை. அது பழுதான மரபணு பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு. போன பிறகு நோய் வருமா என்பது வேறு கணக்கு. 2017இல் வந்த பெரிய ஆய்வுப்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதற்கு பிஆர்சிஏ1 உள்ள பெண்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 என்றால் 69. சினைப்பைப் புற்றுநோய்க்கு முறையே 44, 17. இரண்டு மரபணுவையும் ஒரே பேரில் பேசுவதில் உள்ள ஆபத்து கடைசி இரண்டு எண்ணில் தெரியும். சினைப்பையை எடுப்பதாக இருந்தால் பிஆர்சிஏ1க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2க்கு 40 முதல் 45 வரை பொறுக்கலாம் என்று சொல்வது அதனால்தான்.

ஆணுக்கு? பிஆர்சிஏ2 உள்ள ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது சாதாரண ஆணைவிடப் பல மடங்கு. ஆனாலும் நூற்றுக்குப் பத்துக்குக் கீழேதான். புராஸ்டேட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 40 வயதிலிருந்து பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்த டெஸ்ட் பார்க்கச் சொல்கிறார்கள். நானும் பார்க்கிறேன். பிஆர்சிஏவுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது ‘இது லேடீஸ் டெஸ்ட் சார், சீட்டு மாறிடுச்சா’ என்று கேட்டார் ஒருவர். வீட்டிலும் அதே பேச்சுதான். பெரியப்பா மகன் இன்றுவரை எடுக்கவில்லை. ‘ஆம்பளைக்கு எதுக்குடா இது’ என்கிறான். அவனுக்கு இரண்டு மகள்கள்.

9 பிப்ரவரி, இரவு

ஏஞ்சலினா ஜோலி மாதிரி எல்லாத்தையும் எடுத்துவிட வேண்டியதுதானா என்று கேட்டவருக்கு: அவருக்கு இருந்தது பிஆர்சிஏ1. அவருடைய அம்மா சினைப்பைப் புற்றுநோயில் 56 வயதில் இறந்தவர். 2013இல் அவர் எழுதியது அவர் எடுத்த முடிவு. கவுன்சலர் எங்களுக்கு வெட்டு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. மார்பகத்துக்கு 25 வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை எம்ஆர்ஐ, 30க்கு மேல் கூடவே மேமோகிராம் என்று கண்காணித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழி. சினைப்பைக்கு மட்டும் நம்பிப் பார்க்கக்கூடிய ஸ்கேன் கிடையாது, அதனால்தான் அங்கே எடுப்பதைப் பற்றி அழுத்திப் பேசுகிறார்கள்.

அக்கா எடுத்துக்கொண்டாள். திடீரென்று மாதவிடாய் நின்றதில் பட்ட பாட்டை யாரும் முன்கூட்டி விவரமாகச் சொல்லவில்லை என்று இன்னும் கோபம் அவளுக்கு. மார்கழிக் குளிரில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தான் போர்வைக்குள். ‘ஆபத்து எவ்வளவு குறையும்னு சதவீதம் சொன்னாங்க, ராத்திரி தூக்கம் எவ்வளவு குறையும்னு சொன்னாங்களா’ என்பாள். கவுன்சலிங்கில் நான் குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். எண்ணுக்குக் கொடுக்கும் நேரத்தை அன்றாடத்துக்குக் கொடுப்பதில்லை.

12 பிப்ரவரி

வியூஎஸ் (VUS) பற்றி, அதாவது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம். அக்காவின் ரிப்போர்ட்டில் இரண்டு வரி இருந்தது. ஒன்று பிஆர்சிஏ2, நோய் தருவது என்று தெளிவாக. இன்னொன்று ஏடிஎம் என்ற மரபணுவில் ஒரு மாற்றம், நல்லதா கெட்டதா தெரியாது என்ற வகை. அந்த இரண்டாவது வரியை வைத்துக்கொண்டு அத்தான் ஒரு வாரம் கூகிளில் கிடந்தார். கவுன்சலர் சொன்னது: இதை வைத்து யாருக்கும் ஆபரேஷன் கிடையாது, சொந்தக்காரர்கள் யாரும் இதற்காக டெஸ்ட் எடுக்கவும் வேண்டாம். பின்னாளில் விவரம் தெரிந்து வகை மாறும்போது பெரும்பாலும் தீங்கற்றது என்ற பக்கம்தான் போகும். நம்மவர்களுக்கு இந்த வகை அதிகம் வருவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா மாதிரி திட்டங்களால் இது மெல்ல மாறும்.

வருடம் ஒருமுறை லேபுக்கு மெயில் போட்டு வகை மாறியதா என்று கேளுங்கள். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று இருக்காதீர்கள்.

13 பிப்ரவரி

‘உங்க பொண்ணுக்குப் பாத்தாச்சா?’ என்று மூன்று பேர் கேட்டாயிற்று. அவளுக்கு 16 வயது. பார்க்கவில்லை. இந்த நோய்கள் பெரியவர்களான பிறகு வருபவை, இந்த வயதில் தெரிந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. 18க்கு மேல் அவளாக முடிவு செய்யட்டும் என்பதுதான் முறை. இது எல்லாப் பரம்பரைப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்றால் குழந்தை பிறந்த உடனே பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு.

எங்கள் வீட்டில் அவளிடம் இந்த விஷயத்தைச் சொல்லியாயிற்று. டெஸ்ட் மட்டும்தான் எடுக்கவில்லை. கேட்டுவிட்டு “அப்ப நீ என்ன, மியூட்டன்ட்டாப்பா?” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பேர்.

17 பிப்ரவரி

கல்யாண விஷயம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், தனி மெசேஜில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

அக்கா மகளுக்கு 24 வயது. அவளும் எடுத்துப் பார்த்தாள், பிஆர்சிஏ2 இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அத்தையின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அவளைக் கேட்டார்கள். முறைப் பையன்தான். அக்கா மறைக்க விரும்பவில்லை, சொல்லிவிட்டாள். சீக்குள்ள பெண்ணைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியது. நான் அத்தையையும் அவர் மகளையும் கவுன்சலரிடம் கூட்டிப் போனேன்.

வரைபடத்தில் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணத்துக்கு ஒற்றைக் கோடு போட மாட்டார்கள், இரட்டைக் கோடு. எங்கள் தாளில் பழைய தலைமுறையில் ஏற்கனவே அப்படி இரண்டு இருந்தன. அந்தப் பெண் பென்சிலால் அப்பத்தாவிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கி வந்தார். ஒரு பக்கம் அப்பா, அக்கா, அக்கா மகள். இன்னொரு பக்கம் அத்தை, அத்தை மகள், பேரன். “பாட்டி, இது பொண்ணு வீட்டுச் சீக்கு இல்லை. உங்க அம்மாகிட்ட இருந்து இந்தப் பக்கமும் வந்திருக்கலாம், உங்க பேரன்கிட்டயும் இருக்கலாம்” என்றார்.

இதன் இன்னொரு பாதி நம் ஊருக்கு முக்கியம். ஒரு பிஆர்சிஏ2 பழுதாக இருந்தால் வளர்ந்த பிறகு புற்றுநோய் ஆபத்து. அப்பா ஒன்று, அம்மா ஒன்று என்று இரண்டும் பழுதாகப் பிள்ளைக்குப் போனால் அது ஃபான்கோனி அனீமியா என்ற வேறு நோய். எலும்பு மஜ்ஜை கெடும், சின்ன வயதிலேயே ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரலாம். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அசலில் கட்டினாலும் இது நடக்கலாம், ஆனால் அபூர்வம். அக்கா மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும் வீடுகளில்தான் கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

அத்தை நேரம் எடுத்துக்கொண்டார். “எங்க அம்மா குடுத்துச்சுங்கிறீங்களா? அது யாருக்கும் ஒண்ணும் கெடுதல் பண்ணாத மனுஷி” என்றார். பிறகு பேரனை எடுத்துப் பார்க்கச் சொன்னது அவரேதான். பையனுக்கு இல்லை. தாராளமாகக் கட்டலாம் என்ற நிலையில், பையனும் பெண்ணும் ஒருவருக்கொருவர் பேசிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மரபணு சம்பந்தமே இல்லை, இவளுக்கு அவன் பேச்சு போர்.

பையனுக்கு இல்லை என்றதும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். கவுன்சலர் விடவில்லை. பையனுக்கு வரவில்லை என்பதால் அவன் அம்மாவுக்கு இல்லை என்றாகாதே. அத்தை மகள் எடுத்தாள், இருந்தது. 48 வயது. சினைப்பையும் குழாயும் எடுத்தாயிற்று, இப்போது ஆண்டுதோறும் எம்ஆர்ஐ. அத்தைக்கும் இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துபோனது. தெரிந்துகொள்ள விருப்பமா என்று முறையாகக் கேட்டதற்கு, ‘எழுபத்திரண்டு வயசுல புதுசா என்னத்தத் தெரிஞ்சுக்கிறது’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம் “எனக்கும் இருக்குல்ல?” என்றார்.

18 பிப்ரவரி

இல்லை, வெளியே சம்பந்தம் பேசும்போது என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அக்கா சொல்லிவிடுவாள். அத்தான் நிச்சயத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்பார். அக்கா மகள் ‘நான்தானே சொல்லணும், நீங்க எதுக்கு’ என்கிறாள். அவள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஆனால் என் மகள் விஷயத்தில் இதே தைரியம் வருமா, தெரியாது.

20 பிப்ரவரி

இன்ஷூரன்ஸ்: மரபணுக் கோளாறு என்ற காரணத்தைச் சொல்லி மருத்துவக் காப்பீடு மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது. அடுத்த மாதமே, புதிய மருத்துவப் பாலிசிகளில் அதை விலக்காகப் போடக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. இருந்தாலும் டெஸ்டுக்கு முன்பே பாலிசி எடுத்துவிடுவது நல்லது. எனக்கு ஒரு ஏஜென்ட் ‘ரிப்போர்ட்டைப் பத்தி மூச்சு விடாதீங்க சார்’ என்று யோசனை சொன்னார். படிவத்தில் கேட்டிருப்பதை மறைத்தால் நாளைக்கு க்ளெய்ம் வரும்போது அதையே பிடித்துக்கொள்வார்கள். கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள், கேட்காததை எழுத வேண்டியதில்லை.

22 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். அத்தை போன வருடம் இறந்துவிட்டாராம். பாட்டியும் இல்லை. அப்பா மட்டும்தான்.

அப்படியானால் இரண்டு வழி. அத்தைக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் கட்டியின் மெழுகுக் கட்டை, பிளாக் என்பார்கள், இருக்கிறதா என்று கேளுங்கள். பயாப்சி ரிப்போர்ட் நம்பர் வேண்டும். அதிலிருந்தும் பார்க்கலாம், டிஎன்ஏ நல்ல நிலையில் கிடைத்தால். சிகிச்சையின்போதே அவருக்கு பிஆர்சிஏ பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஒலாபரிப் மாதிரி மாத்திரை கொடுக்க அது தேவை. அத்தையின் பழைய ஃபைலை முழுக்கப் புரட்டுங்கள், பதில் அதற்குள்ளேயே கிடக்கலாம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆள் உங்கள் அப்பா, நீங்கள் அல்ல. பாட்டியிடமிருந்து உங்களுக்கு வர வேண்டுமானால் அவர் வழியாகத்தான் வர வேண்டும். அவரிடம் ஒரு பழுது கண்டுபிடித்தால் உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். அவரிடம் ஒன்றும் இல்லை என்று வந்தால் முழு உத்தரவாதம் ஆகாது, ஆனாலும் உங்கள் இருவருக்கும் சேர்த்துப் பெரிய ஆறுதல்.

அப்பாவுக்கு ஊசி என்றாலே ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எச்சிலிலும் பார்க்கலாம், லேபில் கேளுங்கள். கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, வெற்றிலை, சிகரெட் எதுவும் கூடாது. வெற்றிலை போடுகிறவர் என்றால் அதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள், அங்கே போய்ச் சொன்னால் சண்டைதான்.